"லேசா கசியத்தான் செய்யும்" என்று சொன்னால் அளந்து காட்டுங்கள்

உங்கள் பைக்கோடு கொடுத்த வாரண்டி புத்தகத்தை ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள். சத்தம், அதிர்வு, ஆயில் கசிவு மாதிரி வண்டியின் ஓட்டத்தைப் பாதிக்காத இயல்பான விஷயங்களுக்கு வாரண்டி பொருந்தாது என்ற அர்த்தத்தில் பல கம்பெனிகளின் புத்தகத்தில் ஒரு வரி இருக்கும். பொடி எழுத்தில் இருப்பதால் யாரும் படிப்பதில்லை. "கீழ ஆயில் சொட்டுது சார்" என்று நீங்கள் சர்வீஸ் சென்டரில் சொன்னதும், "லேசா வேர்க்கும், அது நார்மல்தான்" என்று பதில் வருகிறதே, அது பெரும்பாலும் இந்த வரியை நம்பித்தான் வருகிறது.

மதுரையில் பட்டறை வைத்திருக்கும் எனக்கு இந்தப் பதிலைக் கேட்டாலே ஆத்திரமாக வரும். அதே வரியில் "ஓட்டத்தைப் பாதிக்காத" என்றும்தான் எழுதியிருக்கிறார்கள். இன்ஜின் மூட்டுகளுக்கு நடுவே வைக்கும் கேஸ்கெட் தகட்டின் ஓரத்தில் லேசாக ஈரம் பூத்து, அதில் புழுதி ஒட்டியிருந்தால் அதை விட்டுவிடலாம், ஒத்துக்கொள்கிறேன். உள்ளே ஆயில் அளவு குறைகிறது என்றால் விஷயமே வேறு. குறைகிறதா இல்லையா என்பதை அளந்துதான் சொல்ல முடியும். ஆனால் ஆயில் கீழே சொட்டுவதைப் பார்த்துப் பதறுகிற அளவுக்கு யாரும் அதை அளந்து பார்ப்பதில்லை.

இப்போது ஓடும் நான்கு ஸ்ட்ரோக் பைக்குகளில் பெரும்பாலானவற்றில் இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். 100, 125 சிசி வண்டிகளில் அது ஏறக்குறைய ஒரு லிட்டர். அதில் 300 மில்லி வெளியே போனால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. மிச்சமிருக்கும் ஆயில் அதிகமாகச் சூடாகும், சீக்கிரம் கெடும். சிறுமலை மாதிரி ஏற்றத்தில் போகும்போது பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சலாம். முதலில் அடிபடுவது பெரும்பாலும் மேலே இருந்து வால்வுகளைத் திறக்கும் கேமும் ராக்கரும்தான். கியர் கடினமாக விழ ஆரம்பிக்கும்போதே செலவு ஆயிரங்களில் போய் நிற்கும்.

யமஹா ஆர்எக்ஸ் 100 என்ற பழைய டூ-ஸ்ட்ரோக் பைக் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அந்த வண்டியில் கியர் ஆயில் தனி. கிளட்ச் பக்கத்தில் கிராங்க் ஷாஃப்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையமான சீல் போய்விட்டால் கியர் ஆயிலை இன்ஜின் உள்ளே இழுத்து எரித்துவிடும். தரையில் ஒரு சொட்டுகூட விழாது. சைலன்சரில் அடர்த்தியாக வெள்ளைப் புகை வரும். டூ-ஸ்ட்ரோக் என்றால் புகையத்தான் செய்யும் என்று நாமும் விட்டுவிடுவோம். கியர்பாக்ஸ் காய்ந்து போகும்.

சமீபத்தில் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வண்டியைக் கொண்டுவந்தார். விடிவதற்கு முன்பே மல்லிகை மூட்டையைக் கட்டிக்கொண்டு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு வருகிறவர். பின் டயரின் பக்கவாட்டில் ஆயில் தெறித்திருந்தது. இதற்கு நான் பயப்படுவேன். வளைவில் பைக் சரிய இதுவே போதும். இன்ஜின் பக்கம் செயின் மாட்டியிருக்கும் பல்சக்கரமான சின்ன ஸ்ப்ராக்கெட்டின் கவரைத் திறந்தால், உள்ளே செயின் கிரீசும் புழுதியும் ஆயிலும் சேர்ந்து கரும்பிசினாக அப்பியிருந்தது. இந்த இடம் கவருக்குள் மறைந்திருப்பதால் கசிவு ஆரம்பித்து மாதக்கணக்கில்கூட வெளியே தெரியாது.

"ஷோரூம்ல சீல் மாத்திட்டாங்கண்ணே. மறுபடி லீக் ஆகுது. கேட்டா லோடு ஏத்துறீங்க, அதான்னு சொல்றாங்க" என்றார்.

ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றி, அதன் பின்னால் ஷாஃப்டில் செருகியிருக்கும் காலர் என்ற குழாய்த் துண்டை எடுத்துத் துடைத்தேன். ஆயில் சீலின் உதடு சுற்றிச் சுற்றி உரசும் இடம் அது. நகத்தை வைத்து இழுத்தால் ஒரு பள்ளத்தில் மாட்டி நின்றது. கண்ணுக்கு மெல்லிய கோடு மாதிரிதான் தெரியும். புது சீலின் உதடும் அதே பள்ளத்தில்தான் போய் உட்காரும், அப்புறம் எப்படி ஆயில் நிற்கும்? காலருக்கு உள்பக்கம் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையமும் தட்டையாகி இறுகிப் போயிருந்தது. காலர், ஓ-ரிங், சீல் மூன்றும் சேர்ந்தாலும் சில நூறு ரூபாய்தான். செயினும் அளவுக்கு மீறி டைட்டாக இருந்தது. லோடு ஏறி வண்டி அமுங்கும்போது செயின் இன்னும் இறுகி ஷாஃப்டையும் பேரிங்கையும் பின்னால் இழுக்கும். அதனால் லோடுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் ஆயில் லீக் என்று வந்த வண்டியில் செயின் டைட்டைத் தளர்த்தாமலும் காலரைத் தடவிப் பார்க்காமலும் சீலை மட்டும் அடித்து அனுப்பியது யார் தவறு?

அவருடைய வாரண்டி அப்போது முடிந்திருந்தது. வாரண்டி இருந்தபோதே ஒவ்வொரு சர்வீஸிலும் வாயால் சொல்லியிருக்கிறார். சர்வீஸுக்கு விடும்போது குறைகளை எழுதித்தரும் சீட்டுகளை, அதாவது அவர் வைத்திருந்த ஜாப் கார்டுகளை, வாங்கிப் பார்த்தேன். ஜெனரல் சர்வீஸ், ஆயில் சேஞ்ச், வாட்டர் வாஷ், செயின் கிளீனிங். "லீக்" என்ற வார்த்தையே எதிலும் இல்லை. சீல் மாற்றியதற்குக்கூடத் தனி பில் தரவில்லை. காகிதப்படி பார்த்தால் அந்த வண்டியில் ஒரு சொட்டு ஆயில்கூடக் கசியவில்லை. செலவு முழுவதும் அவர் தலையில் விழுந்தது. சர்வீஸ் சென்டரில் ஸ்பானர் பிடிக்கும் பையன்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்கள் கையில் திணிக்கப்படும் வண்டிகளின் கூட்டம் அப்படி. வாடிக்கையாளர் சொன்ன குறையைச் சொன்னபடி எழுதாத கவுண்டர்மேலும், அதைக் கண்டுகொள்ளாத கம்பெனிமேலும்தான் கோபம்.

சரி, எப்படி அளப்பது? சமதரையில் மெயின் ஸ்டாண்டு போடுங்கள். இன்ஜினை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, ஆயில் கீழே இறங்க இன்னும் சில நிமிடம் கொடுங்கள். ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப் ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி வையுங்கள். பல வண்டிகளில் அதைத் திருகாமல் சும்மா வைத்துத்தான் பார்க்க வேண்டும். உங்கள் வண்டிக்கு எது என்று கையேட்டில் போட்டிருப்பார்கள். எடுத்ததும் ஸ்டிக்கையும் மீட்டரில் ஓடிய கிலோமீட்டரையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு தடவை போதும். ஆயில் மாற்றும்போது, வடித்ததை அளவு ஜாடியில் ஊற்றி எத்தனை மில்லி என்று பாருங்கள். ஒரு லிட்டர் ஊற்றிய இடத்தில் 650 மில்லி திரும்பி வந்தால், அதற்கு மேல் "நார்மல்" என்று யாரும் வாதாட முடியாது.

எங்கே கசிகிறது என்று பார்க்க, இன்ஜினை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, மூட்டுகளில் முகப் பவுடரைத் தூவி கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வாருங்கள். பவுடர் நனைந்த இடம் காட்டிக்கொடுத்துவிடும். டிரெயின் போல்ட்டின் வாசரை மாற்றாமல் பழையதையே போட்டிருந்தால் கசிவு அங்கேகூட இருக்கலாம். எங்குமே ஈரம் இல்லாமல் அளவு மட்டும் குறைந்து, நீலப் புகையும் வந்தால், பிஸ்டன் ரிங் வழியாகவோ வால்வு சீல் வழியாகவோ ஆயில் எரிகிறது. வாரண்டி இருக்கும்வரை நீங்களாகப் பிரிக்காதீர்கள், என்னைப் போன்ற வெளி மெக்கானிக்கிடமும் பிரிக்கக் கொடுக்காதீர்கள். "வெளியே பிரித்துவிட்டார்கள்" என்று கைகழுவ அது ஒன்றே அவர்களுக்குப் போதும்.

அடுத்த சர்வீஸில் ஜாப் கார்டில் இப்படி எழுதச் சொல்லுங்கள்: "சின்ன ஸ்ப்ராக்கெட் பக்கம் ஆயில் லீக், இத்தனை கிலோமீட்டரில் இத்தனை மில்லி குறைவு." எழுத மறுத்தால், படங்களோடு அதையே கம்பெனியின் வாடிக்கையாளர் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். எழுதிய பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும்.

அதற்கும் அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே, மதுரைக்காரர் என்றால் மதுரையிலேயே, புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். ஆயில் பின் டயருக்குப் போகும் கசிவு என்றால் அது உயிர் சம்பந்தப்பட்டது. 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ என்று ஒரு பிரிவு சேர்த்திருக்கிறார்கள். சாலையில் போகிறவர்களுக்கு ஆபத்தான குறை என்று குறிப்பிட்ட விகிதத்தில் உரிமையாளர்கள் புகார் கொடுத்தால், அந்த மாடலையே திரும்ப அழைக்கும்படி மத்திய அரசு உத்தரவிடலாம். அந்தக் கணக்கில் உங்கள் புகாரும் ஒன்று.

ஸ்கூட்டர்காரர்களுக்கும் இது பொருந்தும். பின் சக்கரத்து கியர்பெட்டியில் இருப்பது ஏறக்குறைய 100 முதல் 120 மில்லிதான், ஒரு டீ கிளாஸ் அளவு. பல வண்டிகளில் அதற்கு டிப் ஸ்டிக்கே கிடையாது. பின் சக்கர அச்சில் இருக்கும் ஆக்சில் சீல் போனால் அந்த ஆயில் டிரம் பிரேக்குக்குள் இறங்கும். பின் பிரேக் திடீரென்று பிடிக்காமல் போனாலோ, வேகம் எடுக்கும்போது பின்னால் ஊளைச் சத்தம் கேட்டாலோ, பிரேக்கை டைட் வைத்து ஓட்டாதீர்கள். சக்கரத்தைக் கழற்றி டிரம்மைப் பார்க்கச் சொல்லுங்கள். ஷூவில் ஆயில் ஊறியிருந்தால் துடைத்துப் போட விடாதீர்கள், புது ஷூதான் போட வேண்டும். கழற்றிய பழைய சீலையும் ஷூவையும் வாரண்டி முடியும்வரை கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாரண்டியில் மாற்றியது, கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று சொன்னால், அங்கேயே படம் எடுத்துக்கொண்டு, மாற்றிய பாகத்தின் பெயரை ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள்.