ஆச்சிக்கென்று ஒரு சீட்டு இல்லை

அந்த வீட்டுக்கு ஆறு வருஷம் போயிருக்கிறேன். காரைக்குடியிலிருந்து பள்ளத்தூர் போகிற வழியில் உள்ளே தள்ளி ஓர் ஊர். முகப்பைத் தாண்டி வளவு என்கிற நடுமுற்றத்தைச் சுற்றிக்கொண்டு போனால் இரண்டாம் கட்டில் ஓர் அறை. பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்த ஐயா அங்கேதான் இருந்தார். மாதம் ஒரு தடவை போய் அவருக்குப் பிரஷர், சர்க்கரை பார்ப்பேன், மூத்திரக் குழாய் மாற்றுவேன். பக்கத்தில் டார்ச் பிடித்து நிற்பது அவர் மனைவி, ஆச்சி. அந்த ஆச்சியின் பிரஷரை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

ஆச்சி போன வருஷம் 69 வயதில் காலமானார். பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

ஆறு வருஷம் படுத்த மனிதருக்கு முதுகில் ஒரு புண் கிடையாது. இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது படுக்கைப்புண்ணைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரே பக்கமாகக் கிடந்தால் வால் எலும்பு, இடுப்பு, குதிகால் மேல் பாரம் அழுந்தி அந்த இடத்துக்கு ரத்தம் போகாது. சில மணி நேரத்திலேயே தோல் கெட ஆரம்பித்துவிடும். அதனால்தான் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்கச் சொல்கிறோம். நாங்கள் சொல்லிவிட்டு வந்துவிடுவோம். செய்கிறவருக்கு அது ஒரு நாளைக்குப் 12 தடவை, ராத்திரி தூக்கத்தையும் சேர்த்து.

ஆச்சி ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பழைய கண்டாங்கிச் சேலையை நாலாக மடித்து ஐயாவின் தோளிலிருந்து இடுப்பு வரை அடியில் விரித்திருப்பார். புரட்ட வேண்டுமானால் எதிர்ப்பக்கச் சேலை விளிம்பைச் சுருட்டிப் பிடித்துத் தன் பக்கம் இழுப்பார். ஆள் தானாக ஒருக்களிப்பார், முதுகுக்கு ஒரு தலையணை. தோலும் உரசாது, தூக்குகிறவர் இடுப்பும் பிடிக்காது. ஆஸ்பத்திரியில் இதற்கென்று தனித் துணியே உண்டு. "கண்டாங்கின்னா கெட்டி நெசவு டாக்டர் தம்பி, எம்புட்டு இழுத்தாலும் கிழியாது" என்றார். இப்போது எல்லா வீட்டிலும் நான் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

சரி, நான் கோட்டை விட்ட இடத்துக்கு வருகிறேன். ஐயாவுக்குத் தினம் ஒரு பிரஷர் மாத்திரை, மாதத்துக்கு 30 எழுதுவேன். கடைசி வருஷம் அது 20 நாளிலேயே தீர்ந்துபோனது. கடைக்காரர் குறைத்துக் கொடுத்திருப்பார் என்று நினைத்தேன். ஆச்சி இறந்த பிறகு சமையலுக்கு வருகிற அம்மா சொன்னபோதுதான் கணக்கு புரிந்தது. தலை கிறுகிறுக்கும் நாளில் ஐயாவின் அட்டையிலிருந்து ஆச்சியும் ஒன்று போட்டுக்கொண்டிருக்கிறார். தனக்காகக் காரைக்குடிக்கு ஒரு நடை வந்து போக நாலு மணி நேரம் வேண்டும். அந்த நாலு மணி நேரம் ஐயாவைப் பார்க்க ஆள் இல்லை.

ஒருவருக்கு எழுதிய மாத்திரையை இன்னொருவர் போடக்கூடாது. தினமும் போட வேண்டியதைத் தோன்றும்போது போட்டால் பிரஷர் அடங்காது. இது தெரியாத டாக்டர் இல்லை. ஆனால் மாத்திரை சீக்கிரம் தீர்கிற வீட்டில் யார் சாப்பிடுகிறார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அன்று விடியற்காலை ஆச்சிக்கு இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே வலி, வியர்வை, குமட்டல். வாயு என்று ஓமத் தண்ணீர் குடித்திருக்கிறார். 6 மணிக்கு ஐயாவைப் புரட்டியாயிற்று, 8 மணிக்குக் கஞ்சி கொடுத்தாயிற்று. 10 மணிக்குச் சமையல்கார அம்மா போன் செய்தார்: "ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டா வரமாட்டேங்கிறாக. அவுகளை யாரு பாக்குறதுன்னு கேக்குறாக." உடனே 108ஐக் கூப்பிடச் சொன்னேன். ஆனால் நேரம் கடந்துவிட்டது. மாரடைப்பு. அன்று ராத்திரியே போய்விட்டார்.

பெண்களுக்கு, அதுவும் சர்க்கரை இருப்பவர்களுக்கு, மாரடைப்பு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவதாகவே வரும் என்று இல்லை. மூச்சு வாங்கும், தாடையோ முதுகோ வலிக்கும், காரணமில்லாமல் அசதியாக இருக்கும், வியர்த்துக் கொட்டும். வாயுவா இல்லையா என்பதை ஈசிஜி சொல்லட்டும், ஓமத் தண்ணீர் வேண்டாம். தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் கட்ட மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். இதில் ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு.

"எங்க ஆத்தா மாதிரி யாராலும் பாக்க முடியாது டாக்டர்" என்று சிங்கப்பூரிலிருந்து மகன் அடிக்கடி சொல்வார். உண்மைதான். ஆனால் அப்படிப் புகழ்ந்து புகழ்ந்தே நாம் அவர்களுக்கு மாற்றாள் தேடாமல் விட்டுவிடுகிறோம் என்று எனக்குப் படுகிறது. ஆச்சி போன பிறகு அந்த வீட்டில் பகலுக்கு ஒருவர், ராத்திரிக்கு ஒருவர், மேற்பார்வைக்கு ஒரு பங்காளி என்று மூன்று பேர் வேலை பார்க்கிறார்கள்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் போனில் அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, எப்படி இருக்கு என்று கேட்கும்போதே ஆத்தா கடைசியாக எப்போது பிரஷர் பார்த்தார் என்றும் கேளுங்கள். அவசரம் என்றால் அரை மணி நேரத்தில் வந்து உட்காரக்கூடிய இருவரின் போன் நம்பர் சுவரில் எழுதியிருக்கட்டும். 2021 முதல் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியர்கள் பிரஷர், சர்க்கரை பார்க்க வீட்டுக்கே வருகிறார்கள். படுத்திருப்பவரைப் பார்த்து முடித்ததும் பார்த்துக்கொள்பவரும் கையை நீட்டலாம்.

போன மாதம் அதே வீட்டுக்குப் போனேன். ஐயாவுக்குக் குழாய் மாற்றிவிட்டு, ராத்திரி வேலைக்கு வரும் அம்மாவைக் கூப்பிட்டேன். "எனக்கு எதுக்கு சார்?" என்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்தார். மேலே 164, கீழே 98. ஒரு தடவை பார்த்து முடிவு செய்ய முடியாது என்று சொல்லி வியாழக்கிழமை மறுபடி வரச் சொன்னேன். அவர் பெயரைக் கேட்டுப் புதுச் சீட்டில் எழுதினேன்.