நோய் பயிர்ல வாறது இல்ல, போன பூ (போகம்) நெல்லுத் தாள்ல இருந்து வாறது

நெல்லு நட்டு அம்பது அறுவது நாளானப்புறம் போன்ல போட்டோவோட வாறாங்க, "சார், தூர்ல பாம்புத்தோல் மாதிரி படை படையா இருக்கு, என்ன மருந்து அடிக்க?"ன்னு. இதுதான் நெல்லுல வாற இலையுறை கருகல் நோய். மருந்து எழுதித் தரலாம்தான், ஆனா அது போன பூ அறுத்த தாள்லயே உங்க வயல்ல கிடந்த சரக்கு.

கோதுமை நம்ம குமரி மாவட்டத்துக்கு சப்பாத்தி மாவாத்தான் வருது, இருந்தாலும் கோதுமை போடுறவங்க கதையைக் கொஞ்சம் கேளுங்க. கோதுமை மேல கோதுமையா போடுற நாடுகள்ல டேக்-ஆல்னு ஒரு வேர் நோய், வேர் கறுத்து கதிர் வெளுத்துப் போயிரும். அந்தப் பூஞ்சாணம் பழைய வேர்லயும் தூர்க்கட்டையிலயும்தான் உயிரை வச்சிருக்கும், அதனால ஒரு வருஷம் பயறோ கடுகு வகையோ போட்டு, தானா முளைச்ச கோதுமையையும் புல்லையும் நிக்க விடாம பாத்துக்கிட்டா தின்ன ஒண்ணுமில்லாம பெரும்பாலும் அடங்கிரும்.

அதைப் பாத்துட்டு நாமளும் உளுந்து போட்டா போதும்னு நினைச்சிரக் கூடாது. நம்ம இலையுறை கருகலைக் கொண்டுவாற ரைசோக்டோனியா பூஞ்சாணம் பயறு வகையையும் பிடிக்கும், சின்னச் சின்ன பழுப்பு உருண்டையா மண்ணுல வருஷக்கணக்கா கிடக்கவும் செய்யும். உளுந்து போடுங்க, மண்ணுக்கு நல்லது, ஆனா நோய் போச்சுன்னு நம்பாதீங்க.

கன்னிப்பூ (முதல் போகம்) அறுத்து கும்பப்பூவுக்கு (ரெண்டாம் போகம்) தொளி அடிக்கிறதுக்கு, அதாவது தண்ணி கட்டி சேறாக்குறதுக்கு, நடுவுல நேரமே கிடையாது, மழையும் வந்துரும். கும்பப்பூ அறுத்த பிறகு மாசி பங்குனிலதான் நமக்கு வாய்ப்பு. நோய் இருந்த வயல்னா தாளை ஒட்ட அறுத்து வெளிய எடுங்க, மெஷின் அறுப்புல அரையடி ஒரு அடி நிக்கிற அந்தத் தூர்லதான் விஷயமே இருக்கு. பிறகு கோடை உழவு, மண்ணு நல்லா காயட்டும், கோடை மழைக்கு பசுந்தாள் உரமா தக்கைப்பூண்டு வீசி பூக்குற பருவத்துல மடக்கி உழுதிரலாம். மடக்கி உழுதவங்க யூரியாவைக் கண்டிப்பா குறைக்கணும், தழைச்சத்து கூடினா இந்த நோய்க்கு அது விருந்து, பச்சை கூடுனதைப் பாத்து சந்தோஷப்படுறவங்க வயல்லதான் அதிகமா பாக்குறேன்.

இன்னொண்ணு, யாருமே செய்யாதது. தொளி அடிச்சு மட்டம் பண்ணும்போது அந்த உருண்டைங்க தண்ணியில மிதக்கும், காத்து தள்ளிட்டுப் போற பக்கம் மூலையில நுரை, தூசியோட ஒதுங்கும், பிறகு நட்ட பயிர்ல தண்ணிமட்டத்துல ஒட்டிக்கிட்டு அங்கேருந்துதான் நோய் ஏறும். பழைய கொசுவலையால அதை வாரி எடுத்து தூரமா குழியில போட்டு மூடுங்க. வரப்புல போட்டீங்கன்னா அடுத்த மழைக்குத் திரும்ப உள்ள வந்துரும்.

வேப்பம்புண்ணாக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ அடியில போடலாம். நோயை அடக்குற நல்ல பாக்டீரியாவான சூடோமோனாஸ், அதுவும் ஹெக்டேருக்கு 2.5 கிலோவை 50 கிலோ தொழுவுரத்துல கலந்து நட்டு 30 நாள்ல போடணும். மேல் வயல் மடை திறந்து கீழ் வயலுக்குத் தண்ணி பாயுற இடத்துல மேல் வயல்காரரையும் சேத்துக்கிட்டு செய்யுங்க, இல்லைன்னா அவரு வயல் உருண்டை உங்க வயலுக்கு மிதந்து வந்துரும்.