இருபது வருட அனுபவம் என்ன விலை?

"மில் மூடினதும் ஒன்றரை வருஷம் வீட்டில் இருந்தேன். அப்புறம் கிடைத்த வேலையில் பாதிச் சம்பளம்தான். சும்மா இருந்ததற்குத் தண்டனையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

இடைவெளிக்கும் பங்கு உண்டு. ஆனால் பெரிய பங்கு அனுபவத்துக்கு. படிப்பும் கணக்கும் எங்கே போனாலும் கூடவே வரும். அந்த ஆலைக்கென்றே பழகிய கைப்பழக்கம் கேட்டுக்குள்ளேயே நின்றுவிடும். 1980களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஆட்குறைப்பில் வெளியேறிய நீண்டநாள் ஊழியர்கள், ஐந்து வருடம் கழித்தும் ஏறத்தாழ 25 சதவீதம் குறைவாகவே சம்பாதித்தார்கள்.

ஒரு நாடே இப்படி இடம் மாறினால்? எஸ்டோனியா 1991-இல் சோவியத் ஒன்றியத்திலிருந்து விடுதலை பெற்றது. 1992 ஜூனில் ரூபிளைக் கைவிட்டு, ஒரு ஜெர்மன் மார்க்குக்கு 8 குரோன் என்று சொந்த நாணயம் கொண்டுவந்தது. ரஷ்யாவை நம்பியிருந்த ஆலைகள் ஆட்டம் கண்டன. நார்வா நகரின் கிரீன்ஹோல்ம் நூற்பாலை 1857-இல் தொடங்கியது. சோவியத் காலத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு அதுதான் சோறு போட்டது.

அந்தக் காலத்து ஆலைகளில் 'தொல்காச்' என்றொரு ஆள் இருப்பார். ரஷ்ய மொழியில் 'தள்ளிவிடுபவர்' என்று பொருள். திட்டப்படி வரவேண்டிய சரக்கு வராது, எங்கும் தட்டுப்பாடு. பருத்தி வேகன் எந்த யார்டில் நிற்கிறது, எந்த அதிகாரியைப் பிடித்தால் நகரும், யாருக்கு ஒரு பாட்டில் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இருபது வருடம் சேர்த்த அறிவு அது, அசல் திறமையும்கூட. சந்தை வந்தது, காசு கொடுத்தால் பருத்தி வாசலுக்கே வரும். அவருடைய அறிவு கொஞ்சமும் குறையவில்லை. அதை வாங்கத்தான் ஆள் இல்லை. இந்த இடத்தை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. மேற்பார்வையாளர், கணக்கர், மெக்கானிக் என்று எல்லோரிடமும் கொஞ்சம் தொல்காச் இருந்தார். எஸ்டோனியாவில் 1989-க்குப் பிறகு பட்டப்படிப்புக்குக் கூடுதல் சம்பளம் கிடைத்தது. அனுபவத்துக்குக் கிடைத்துவந்த கூடுதல் சுருங்கியது.

இங்கேதான் கணக்கு திரும்புகிறது. வெளியே போனவரின் அனுபவம் மட்டும் விலை இறங்கவில்லை. அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரின் அனுபவமும் சேர்ந்தே இறங்கியது. அதனால் மீண்டும் வேலைக்குச் சேர்ந்தவரையும் வேலை போகாதவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, சம்பள வித்தியாசம் பெரிதாக இல்லை. ஆலையோடு மொத்தமாக வேலை போனால், 'இவரை மட்டும் ஏன் அனுப்பினார்கள்?' என்ற சந்தேகமும் புது முதலாளிக்கு எழாது.

அப்படியானால் இழப்பு எங்கே? காத்திருந்த மாதங்களில். அரசு தந்த வேலையில்லாப் படி மிகச் சொற்பம். 'இதற்குக் கீழே போகமாட்டேன்' என்று ஒவ்வொருவரும் மனதில் போட்டுவைத்திருக்கும் கோடு, கையிருப்பு கரையக் கரையக் கீழே இறங்கும். சிலர் கிடைத்த வேலையில் உடனே ஒட்டிக்கொண்டார்கள். பலர் நெடுநாள் வெளியிலேயே நின்றார்கள். அவர்களுக்குச் சம்பளமே இல்லாததால் சம்பளக் கணக்கில் அவர்கள் வருவதில்லை. அட்டவணையில் காண்பது வேலை கிடைத்தவர்களின் கதை மட்டும்.

இவ்வளவும் தெரியவந்ததற்குக் காரணம், 1995-இல் எஸ்டோனியா நடத்திய ஒரு கணக்கெடுப்பு. ஏறத்தாழ 10,000 பேரிடம் 1989-இலிருந்து என்ன வேலை, எப்போது போனது, எப்போது கிடைத்தது என்று பொறுமையாகக் கேட்டார்கள். 'இன்று வேலை இருக்கிறதா?' என்று மட்டும் கேட்டிருந்தால் இதில் எதுவும் பிடிபட்டிருக்காது. ஒரே ஆளின் கதையைப் பின்னோக்கிக் கேட்கும் இத்தகைய ஆய்வுகளுக்கு அரசுகள் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாசகருக்கு ஒரு யோசனை: பழைய சம்பளத்தை ஒரு பக்கம் வையுங்கள். மூடாமல் ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு மில்லில், நீங்கள் பார்த்த அதே வேலைக்கு இன்று என்ன தருகிறார்கள் என்று விசாரியுங்கள். இப்போதைய சம்பளத்தை அதோடு ஒப்பிட்டு, அந்த ஒன்றரை வருடத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.