லாரியின் டீசல் முள் ஏன் தப்பாகக் காட்டுகிறது?

"கால் டேங்குக்கு மேல காட்டுச்சுங்ணா, நம்பித்தான் திம்பம் ஏறுனேன்" என்றார் டிரைவர் தம்பி. 27 கொண்டை ஊசி வளைவுள்ள மலைப்பாதையில், பாதி வழியில் டீசல் தீர்ந்து வண்டி நின்றுவிட்டது. கேனில் டீசல் வாங்கி ஊற்றினால் மட்டும் போதாது. பைப்பில் காற்று புகுந்திருக்கும். ஹேண்ட் பம்ப்பை அடித்து ஏர் எடுத்தால்தான் இன்ஜின் பிடிக்கும். பாரம் ஏற்றிய லாரிக்கு அந்த இடத்தில் இது எவ்வளவு ஆபத்து என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

சங்ககிரிப் பட்டறையில் அந்த வண்டியைப் பார்த்த எலக்ட்ரீஷியன் அண்ணன், டேஷ்போர்டைத் தொடவே இல்லை. நேராக டேங்குக்கு அடியில் குனிந்தார். ஏன் என்று விளங்க, முள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும்.

டேங்குக்குள் இறங்கியிருக்கும் டேங்க் யூனிட்டில் ஒரு மிதவை, அதைத் தாங்கும் கம்பி, கம்பியின் மறுமுனையில் மின்தடைப் பட்டையை உரசும் சின்னத் தகடு, அவ்வளவுதான். டீசல் இறங்கினால் மிதவை இறங்கும், தகடு நகரும், மின்தடை மாறும். சாவி போட்டதும் மீட்டரிலிருந்து வரும் மின்சாரம் ஒயர் வழியாக இந்தப் பட்டைக்குள் புகுந்து, எர்த் வழியாக, அதாவது வண்டியின் இரும்புச் சட்டமான சேஸ் வழியாக, பேட்டரிக்குத் திரும்புகிறது. அந்தச் சுற்றில் மொத்தம் எத்தனை ஓம் மின்தடை இருக்கிறதோ, அதைத்தான் முள் காட்டுகிறது.

சரி, எத்தனை ஓம்? ஒரு வகை யூனிட்டில் காலி டேங்குக்கு 10, ஃபுல் டேங்குக்கு 180. இன்னொரு வகையில் தலைகீழ்: காலிக்கு 240, ஃபுல்லுக்கு 33. இந்த வண்டியில் இருந்தது முதல் வகை. கால் டேங்குக்கு ஏறக்குறைய 50 ஓம் வரும். எர்த் போல்ட்டில் துரு ஏறி அங்கே 50 ஓம் கூடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். டேங்க் காலியானாலும் மொத்தம் 60 ஓம். முள் காலுக்கு மேலே நிற்கும். இரண்டாம் வகை வண்டியில் இதே துரு, உள்ளே இருக்கும் டீசலைக் குறைத்துக் காட்டும். அதில் அனாவசியமாக பங்க்கில் நிற்பதோடு போயிற்று. முதல் வகைதான் நடுவழியில் விடும்.

லாரியில் டேங்க் ரப்பர் பட்டையின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். அதனால் சேஸுக்குத் தனியாக ஒரு எர்த் ஒயர் வேண்டும். பெயின்ட் அடிக்கும்போது அந்த ஒயரை இறுக்கும் வாஷருக்கு அடியிலும் பெயின்ட் போய்விட்டால் முடிந்தது கதை. ஹெட்லைட் போட்டதும் முள் நகர்கிறதா? அப்போதும் முதல் சந்தேகம் எர்த்தின் மேல்தான்.

அப்புறம் சோதனை. சாவி போட்டு, டேங்க் யூனிட்டின் ஒயரைக் கழற்றினால் முதல் வகையில் முள் ஃபுல்லுக்கு ஓட வேண்டும். அதைச் சேஸில் தொட்டால் காலிக்கு இறங்க வேண்டும். இரண்டும் நடந்தால் மீட்டரும் ஒயரும் நலம். கோளாறு யூனிட்டிலோ அதன் எர்த்திலோ. முள் அசையாவிட்டால் ஃபியூஸ், ஒயர், மீட்டர் என்று மேலே தேட வேண்டும். டேங்க் வாய் திறந்திருக்கும்போது இதைச் செய்யவே கூடாது, தீப்பொறி வரும். எலக்ட்ரானிக் மீட்டர் உள்ள புது வண்டிகளில் ஒயரைத் தொட்டுப் பார்க்கும் வேலையே வேண்டாம், ஓம் அளக்கும் மல்டிமீட்டர் போதும்.

யூனிட்டை வெளியே எடுத்தால் மிதவையைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே தளக் தளக் என்றால் ஓட்டை விழுந்து டீசல் புகுந்திருக்கிறது. பிறகு மல்டிமீட்டரை மாட்டி, கம்பியை மிக மெதுவாகத் தூக்க வேண்டும். முதல் வகையில் ஓம் சீராக ஏற வேண்டும், இரண்டாம் வகையில் சீராக இறங்க வேண்டும். நடுவில் ஓரிடத்தில் அறுந்தது போல் எகிறினால் அங்கே பட்டை தேய்ந்திருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம், மிச்சமிருக்கும் பட்டையும் போய்விடும். புது யூனிட் வாங்கும்போது ஓம் பொருந்துகிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

இந்த வண்டிக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. யூனிட்டின் தலையிலிருந்து சேஸுக்கு அண்ணன் ஒரு துண்டு ஒயரைப் பிடித்தார். "முள்ளப் பாரு தம்பி" என்றார். காலுக்கு மேலே நின்ற முள் மெதுவாக இறங்கி, சிவப்புக் கோட்டுக்குச் சற்று மேலே நின்றது. போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போய் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, இறுக்கி, மேலே கிரீஸ் தடவினார். அப்புறம் டேங்கில் குச்சி விட்டுப் பார்த்தோம். நாலு விரற்கடை டீசல் இருந்தது.