மேல் போல்ட்டை முறுக்கியது போதும்

லடாக் பயணம் முடிந்து விமானத்தில் பெட்டிக்குள் வந்த மலைச் சைக்கிளைத் தாமே மீண்டும் பொருத்திக்கொண்ட ஒருவர், ஹேண்டில்பாரைத் திருப்பினாலும் முன்சக்கரம் நேராகவே போகிறது என்று என் பட்டறைக்கு வந்தார். இந்த மாதத்தில் இவர் மூன்றாமவர். "மேல் போல்ட்டை நன்றாக முறுக்கினேனே" என்றுதான் மூவரும் சொன்னார்கள்.

அந்த மேல் போல்ட் ஹேண்டில்பாரைப் பிடித்து நிறுத்துவதில்லை. பழைய கறுப்பு சைக்கிள்களில் உச்சியில் இருந்த நீண்ட போல்ட்தான் ஹேண்டில்பாரை இறுக்கியது என்பதால் இந்த நம்பிக்கை ஒட்டிக்கொண்டிருக்கலாம். இப்போதைய மலைச் சைக்கிளில், பேரிங் ஆடாத அளவுக்கு ஸ்டெம்மை (ஹேண்டில்பாரைத் தாங்கும் துண்டு) கீழே அழுத்துவது மட்டுமே அதன் வேலை; ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை) குழாயைப் பற்றிக்கொள்பவை ஸ்டெம்மின் பின்பக்கத்துப் போல்ட்டுகள். அவை தளர்ந்திருக்கும்போது மேலே எவ்வளவு முறுக்கினாலும் பேரிங்தான் நசுங்கும். அவை இறுகிய பிறகோ, மேல் போல்ட்டுக்கு வேலையே இல்லை.

பெட்டியில் அடைப்பதற்கு இவற்றில் எதையும் தொட வேண்டியதில்லை. ஸ்டெம்மின் முகப்பிலுள்ள போல்ட்டுகளை (பெரும்பாலும் நான்கு) கழற்றித் தகட்டை எடுத்தால், பிரேக்கும் கியரும் பூட்டியபடியே ஹேண்டில்பார் கையோடு வந்துவிடும். அதைப் பிரேக்கின் ஹைட்ராலிக் குழாய்களில் தொங்கவிடாமல், துணி சுற்றிச் சட்டத்தோடு கட்டுங்கள். தகட்டையும் போல்ட்டுகளையும் உடனே ஸ்டெம்மிலேயே மாட்டிவையுங்கள்; தொலைந்துபோனதற்குப் பதிலாக ஹார்டுவேர் கடையில் கிடைத்த ஏதோ ஒரு போல்ட்டைப் போட்டுக்கொண்டு தயவுசெய்து மலை இறங்காதீர்கள். முன்சக்கரம் கழன்றிருக்கும்போது டிஸ்க் பிரேக் லிவரை அழுத்தவே கூடாது. ஸ்டெம்மையே கழற்ற நேர்ந்தால் ஃபோர்க்கைத் தாங்கிக்கொள்ளுங்கள், இல்லையேல் அது நழுவிக் காலில் விழும்.

திரும்பப் பூட்டும்போது முகப்புப் போல்ட்டுகளை மூலைக்கு மூலை, சிறிது சிறிதாக இறுக்குங்கள். தயாரிப்பாளர் வேறுவிதமாகச் சொல்லாதவரை, தகட்டின் மேல் இடைவெளியும் கீழ் இடைவெளியும் ஒத்திருக்க வேண்டும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது பெரும்பாலான ஸ்டெம்களிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். 5 அல்லது 6 நியூட்டன் மீட்டர் என்பது வழக்கம். அதைக் கையால் ஊகிக்க என்னாலேயே முடிவதில்லை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சைத்தான் எடுக்கிறேன். கார்பன் ஹேண்டில்பாருக்குக் கிரீஸ் ஆகாது, நழுவாமல் பிடிக்க அதற்கெனத் தனி பேஸ்ட் உண்டு.

பிறகு முன்சக்கரத்தை முழங்கால்களுக்கிடையே பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரைத் திருகிப் பாருங்கள். துளியேனும் நழுவினால், பின்பக்கத்துப் போல்ட்டுகளைப் பார்க்கும்வரை ஏறி உட்காராதீர்கள்.