140 வரி பேட்ச், 107 கோடி என்ட்ரி

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு பேட்ச் (கோடுல இதை மாத்துங்கன்னு அனுப்புற மாற்றம்) வந்துச்சு. வேலை நேரம் போக நான் பாத்துக்கிற ஒரு சின்ன ஓப்பன் சோர்ஸ் டூல் இருக்கு, டிஸ்க் இமேஜ் ஃபைலை (ஒரு முழு டிஸ்க்கையும் ஒரே ஃபைலா எடுத்து வெச்சது) திறந்து உள்ள என்ன இருக்குன்னு காட்டும், ஒரு ஃபார்மேட்லேருந்து இன்னொண்ணுக்கு மாத்தித் தரும், அவ்ளோதான். பேட்ச் சுமார் 140 வரி, விஹெச்டிங்கிற இமேஜ் ஃபார்மேட்ல டைனமிக் டிஸ்க்கைப் படிக்கிற வசதி. ரொம்ப நாளா ஆளாளுக்கு கேட்டுட்டு இருந்தது, எனக்கு எழுத நேரமே கிடைக்கல, அதனால பாத்ததும் செம சந்தோஷம், கோடும் சுத்தமா இருந்துச்சு, அனுப்பினவர் டெஸ்ட்டும் போட்டிருந்தாரு, எல்லாமே பச்சை. உண்மையைச் சொன்னா எனக்கு இந்த மாதிரி பேட்ச்தான் பயம். கண்றாவியா எழுதின கோடை நாம எப்படியும் உத்துப் பாப்போம், அழகா எழுதினதுல கண்ணு வழுக்கிட்டுப் போயிடும்.

விஹெச்டி பத்தி தெரியாதவங்களுக்கு: ஃபைலோட கடைசி 512 பைட் ஃபூட்டர், அது 'conectix'-ங்கிற 8 எழுத்துல ஆரம்பிக்கும். கனெக்டிக்ஸ்னு (Connectix) ஒரு கம்பெனி பண்ணின ஃபார்மேட், 2003-ல மைக்ரோசாஃப்ட் அவங்களோட வர்ச்சுவல் பிசியை வாங்கிச்சு, கம்பெனி பேருல 9 எழுத்து ஆனா இடம் 8 பைட்தான், அதனால ஒரு 'என்' காணாமப் போச்சு. டைனமிக்னா டேட்டா சேரச் சேர வளர்ற ஃபைல், அதுல ஃபூட்டரோட காப்பி ஒண்ணு ஃபைல் ஆரம்பத்துலயும் இருக்கும், அதுக்கப்புறம் ஒரு ஹெடர், அப்புறம் ஒரு டேபிள். டிஸ்க்கை 2 எம்பி பிளாக்கா வெட்டி, எந்த பிளாக் ஃபைல்ல எந்த செக்டார்ல (512 பைட் துண்டு) இருக்குன்னு அந்த டேபிள் சொல்லும், ஒரு என்ட்ரிக்கு 4 பைட். டேபிள்ல எத்தனை என்ட்ரின்னு ஹெடர்ல ஒரு நம்பர் இருக்கும்.

நம்ம ஆளு அந்த நம்பரை எடுத்து, 4-ஆல பெருக்கி, அவ்ளோ மெமரி கேட்டு, லூப் போட்டுப் படிச்சுட்டாரு. ரெண்டு வரி. பெருக்கல் 32 பிட்ல நடக்குது. நான் ஹெடர்ல அந்த நம்பரை 107,37,41,825-ன்னு மாத்தினேன். 4-ஆல பெருக்கினா 429 கோடியே சொச்சம், 32 பிட் நம்பர்ல அது அடங்காது, வண்டி மீட்டர் மாதிரி பூஜ்யத்துக்கு சுத்தி வந்து மிச்சம் நிக்கிறது வெறும் 4. அதாவது 4 பைட் மெமரிய வாங்கிட்டு 107 கோடி என்ட்ரிய அதுக்குள்ள கொட்டப் போகுது. அட்ரஸ் சானிடைசர் (மெமரில எல்லை மீறினா காட்டிக் கொடுக்கிற டூல்) போட்டு கம்பைல் பண்ணி ஓட்டினேன், ரெண்டாவது என்ட்ரி எழுதும்போதே சிவப்புல கத்திடுச்சு.

இதைச் சொன்னதும் அவர் கேட்ட கேள்வி நியாயமானது: ஹெடர்ல செக்சம் இருக்கே, நான் அதை சரி பாக்குறேனே, நம்பரை மாத்தினா செக்சம் தப்பாகிடுமேன்னு. நிறைய பேர் மாட்டிக்கிற இடமே இதுதான். விஹெச்டி செக்சம்ங்கிறது எல்லா பைட்டையும் கூட்டி பிட்டெல்லாம் தலைகீழாக்கின ஒரு நம்பர், அதுல ரகசியம்னு எதுவும் கிடையாது. ஃபைலைக் கெடுக்கிறவனே புது செக்சமும் போட்டுத் தந்துடுவான், எனக்கு பைத்தான்ல 10 வரிதான் ஆச்சு. ஹார்ட் டிஸ்க்ல தானா பிட் மாறிப்போனா செக்சம் காட்டிக் கொடுக்கும், வேணும்னே மாத்தினவனை அது என்ன பண்ணும்?

அப்ப எதை வெச்சு செக் பண்றது? ஃபார்மேட்டே ஒரு அளவு சொல்லுது. விஹெச்டி அதிகபட்சம் 2040 ஜிபி, 2 எம்பி பிளாக்னா 10,44,480 என்ட்ரிக்கு மேல வரவே வாய்ப்பில்ல, டேபிளே மொத்தம் 4 எம்பி சைஸ்தான். ஃபூட்டர்ல இருக்கிற டிஸ்க் சைஸோடவும் ஒத்துப் போகணும். (பிளாக் சைஸும் ஹெடர்லேருந்துதான் வருது, அது பூஜ்யமா இருந்தா வகுக்கும்போதே புட்டுக்கும், அதையும் முன்னாடியே பாத்துடணும்.)

இன்னொண்ணு இதைவிட மோசம், ஏன்னா அது கிராஷ் ஆகாது. செக்டார் நம்பரை 512-ஆல பெருக்கி ஃபைல்ல அந்த இடத்துக்குப் போறாரு, அதுவும் 32 பிட். அவரோட டெஸ்ட் இமேஜ் 100 எம்பி, அதனால எல்லாம் பச்சை. இமேஜ் ஃபைல் 4 ஜிபி தாண்டினா என்ன ஆகும்? 83,88,608-ன்னு செக்டார் நம்பர் வெச்சு ஒரு ஸ்பார்ஸ் ஃபைல் பண்ணினேன், பாக்க 4 ஜிபிக்கு மேல இருக்கும், டிஸ்க்ல சில கேபிதான் புடிக்கும். கன்வர்ட் பண்ணி ஹெக்ஸ்ல திறந்தா, டேட்டா இருக்க வேண்டிய இடத்துல 'cxsparse'-னு எழுத்து நிக்குது. அது டைனமிக் ஹெடரோட முதல் 8 எழுத்து. பெருக்கல் சுத்தி பூஜ்யத்துக்கு வந்து, அங்க இருக்கிற ஃபூட்டர் காப்பியை பிளாக் ஆரம்பத்துல வர்ற 512 பைட் பிட்மேப்னு நினைச்சுத் தாண்டி, ஃபைலோட தலையையே டேட்டான்னு எடுத்துக் குடுத்திருக்கு. எர்ரர் எதுவும் இல்ல, "முடிஞ்சது"ன்னு மெசேஜ் வேற. யாராவது இதுல பேக்கப்பை மாத்திட்டு பழசை டெலீட் பண்ணியிருந்தா கதை கந்தல்.

இதெல்லாம் சின்ன டூல்ல மட்டும் வர்றதுன்னு நினைக்காதீங்க. கியூஎமு (வர்ச்சுவல் மெஷினை, அதாவது விஎம்மை ஓட்டுற சாஃப்ட்வேர்) எவ்ளோ பேர் பாத்துப் பாத்து எழுதின கோடு, அதுலயே 2008-ல ஒரு ஓட்டை வந்துச்சு: ரா டிஸ்க்கை (ஹெடரே இல்லாத வெறும் டேட்டா) வெச்சிருக்கிற விஎம் உள்ளேருந்து முதல் செக்டார்ல கியூகவ்2 (கியூஎமுவோட சொந்த ஃபார்மேட்) ஹெடரை எழுதிடும், அதுல பேக்கிங் ஃபைல்னு (மிச்ச டேட்டாவை எடுத்துக்கிற அடிப்படை ஃபைல்) ஹோஸ்ட்ல, அதாவது விஎம்மை ஓட்டுற நிஜ மெஷின்ல இருக்கிற ஏதோ ஒரு ஃபைல் பேரைப் போட்டுடும், அடுத்த தடவை ஸ்டார்ட் ஆகும்போது கியூஎமு "ஓ இது கியூகவ்2"ன்னு தானா கண்டுபிடிச்சு அந்த ஃபைலைத் திறந்து விஎம் கையில குடுத்துடும். ஃபார்மேட்டைச் சொல்லாம விட்டா இப்ப அது வார்னிங் போடுறதுக்கு காரணம் இதான். 2024-ல இன்னொரு ஓட்டை, சிவிஇ-2024-4467 (சிவிஇங்கிறது ஓட்டைகளுக்குக் குடுக்கிற நம்பர்), இமேஜைப் பத்தின விவரத்தை மட்டும் காட்டுற கமாண்டுக்கே ஒரு வில்லங்கமான ஃபைலைக் குடுத்து ஹோஸ்ட்ல கை வைக்க முடிஞ்சுது. சும்மா விவரம்தானே பாக்குறோம்னு நினைக்கிற கமாண்ட்! முகம் தெரியாதவங்க குடுத்த இமேஜை ரூட்ல (முழு அட்மின் உரிமையோட) உக்காந்து திறக்காதீங்க, ஃபார்மேட்டை நீங்களே சொல்லுங்க.

சரி, பேட்சுக்கு வர்றேன். கோடைத் தவிர அதுல 3 டெஸ்ட் இமேஜ் இருந்துச்சு. டிஃப்ல (என்ன மாறியிருக்குன்னு காட்டுற பட்டியல்) அதெல்லாம் "பைனரி ஃபைல் மாறியிருக்கு"ன்னு ஒரே வரியா வரும், எல்லாரும் ஸ்க்ரோல் பண்ணிட்டு போயிடுவாங்க, நானும் பல வருஷம் அப்படித்தான் இருந்தேன். 2024 மார்ச்ல எக்ஸ்இசட்ங்கிற கம்ப்ரஷன் டூல்ல ஒளிச்சு வெச்ச பேக்டோர் (திருட்டு வழி) வெளிய வந்தப்புறம் அந்தப் பழக்கம் போச்சு. அங்க விஷத்தை ஒளிச்சு வெச்சதே டெஸ்ட்னு சொல்லி சேத்த ரெண்டு பைனரி ஃபைல்லதான், எஸ்எஸ்ஹெச் (தூரத்துல இருக்கிற கம்ப்யூட்டருக்குள்ள போற வழி) லாகின் அரை செகண்ட் லேட்டாகுதேன்னு ஒருத்தர் நோண்டினதால மாட்டுச்சு.

நம்ம ஆளு அந்த மாதிரி எதுவும் பண்ணல. ஆனா ஸ்ட்ரிங்ஸ் கமாண்டை (பைனரி ஃபைல்ல இருக்கிற எழுத்தை மட்டும் காட்டும்) ஓட்டிப் பாத்தா ஒரு இமேஜ்ல அவரோட பயோடேட்டா, ஃபோன் நம்பர், பழைய சம்பளம் வரைக்கும் ஓடுது. பழைய பென்டிரைவை அப்படியே இமேஜ் எடுத்திருக்காரு, ஃபைலையெல்லாம் டெலீட் பண்ணிட்டுதான் எடுத்தேங்கிறாரு. ஃபேட்ல (பென்டிரைவ்ல இருந்த ஃபைல் சிஸ்டம்) டெலீட்னா பேரோட முதல் பைட்டை 0xE5-ன்னு மாத்தி, அந்த இடம் காலின்னு குறிச்சுக்கும், உள்ள இருக்கிறது அப்படியேதான் கிடக்கும். ப்ராஜெக்ட்ல மெர்ஜ் பண்ணியிருந்தா கிட் ஹிஸ்டரில காலத்துக்கும் இருந்திருக்கும், அப்புறம் நீக்கினாலும் குளோன் பண்ணினவங்க கிட்ட இருக்கும். இதைப் பொதுவுல சொல்லக்கூடாதுன்னு அவருக்கு மட்டும் தனியா மெயில் போட்டேன், பிராஞ்சை உடனே தூக்கச் சொல்லி. இப்ப எங்க ப்ராஜெக்ட்ல ரூல்: டெஸ்ட் இமேஜ் வேணும்னா அதைப் பண்ற ஸ்கிரிப்ட்டைத்தான் அனுப்பணும், இமேஜை இல்ல.

மூணு ரவுண்டு போச்சு. நடுவுல ஒரு வாரம் அவர்கிட்டேருந்து பதிலே இல்ல, ரொம்ப நோண்டிட்டோமோன்னு எனக்கு உறுத்தல். திரும்ப வந்தப்ப எல்லா நம்பருக்கும் எல்லை வெச்சு, இமேஜை உருவாக்குற ஸ்கிரிப்ட் எழுதி, கூடவே தனியா இன்னொரு பேட்ச் அனுப்பியிருந்தாரு, 1 வரிதான் மாத்தியிருந்தாரு. பல வருஷத்துக்கு முன்னாடி நான் எழுதின வேற ஃபார்மேட் கோடுல, அதே செக்டார் இன்டூ 512, அதே 32 பிட்.

வெக்கத்துல உடனே மெர்ஜ் பட்டனை அமுக்கப் போனேன். அப்புறம் கையை எடுத்துட்டு, 4 ஜிபி தாண்டின ஸ்பார்ஸ் ஃபைல் ஒண்ணு பண்ணி முதல்ல ஓட்டிப் பாத்தேன்.