ஈரக்கோடும் இருபது கொண்டை ஊசி வளைவுகளும்

சேலம் பக்கத்து இளம்பிள்ளையிலிருந்து ஒரு பள்ளி மாணவி கேட்டிருக்கிறார்: "செலோ டேப்பில் பசை முதலிலிருந்து கடைசிவரை ஒரே சமமாக இருக்கிறதே, எப்படித் தடவுகிறார்கள்? பிரஷ்ஷாலா?"

தறிச் சத்தத்தில் வளரும் பிள்ளை என்பதால் பாவடியிலிருந்தே தொடங்குகிறேன். சேலத்தில் அம்மாபேட்டை, செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் இன்றும் அந்தப் பெயர் நிற்கிறது. பாவு எனும் நெடுக்கு நூல்களை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டு உலர்த்திய திடல்கள் அவை. கஞ்சியைத் தாராளமாகத் தோய்த்து, மிகுதியைப் பிரஷ்ஷால் நெடுக வழித்துவிடுவார்கள். ஆலைகளிலும் பல இடங்களில் இதே வழிதான்: முக்கி எடுத்து, தகட்டாலோ கம்பி சுற்றிய தண்டாலோ வழிப்பார்கள். மிஞ்சும் தடிமன், குழம்பின் கெட்டித்தன்மைக்கும் வேகத்துக்கும் ஏற்ப மாறும். என் சிறுவயதில் பாவு திட்டுத் திட்டாகக் காய்ந்தால் கண் திருஷ்டி என்று பூசணிக்காய் உடைத்தார்கள். கஞ்சி ஆற ஆறக் கெட்டியாகிறது என்று ஒருவராவது அவர்களுக்குச் சொல்லியிருக்கலாம்.

டேப்புக்கு வருவோம். பசை பூச ஆலைகள் கையாளும் வழிகளில் ஒன்று ஸ்லாட் டை. இரண்டு எஃகுக் கட்டிகள், நடுவே, டேப்பாகப் போகும் தாளின் அகலத்துக்கு மெல்லிய பிளவு. பம்ப் அளந்து தள்ளும் பசை அதன் வழியே வந்து, எதிரே ஓடும் தாளில் ஏறிக்கொள்கிறது. ஒரு மீட்டர் அகலத் தாள் நிமிடத்துக்கு 60 மீட்டர் ஓடி, பம்ப் 3 லிட்டர் தந்தால் ஈரப்பூச்சு 50 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. வகுத்துப் பாருங்கள். வழிக்க எதுவும் மிஞ்சாது.

அப்படியானால் தாளை எவ்வளவு வேகமாகவும் ஓட்டலாமா? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பிளவுக்கும் தாளுக்கும் இடையே பசை ஒரு சிறு பாலமாக நிற்கிறது. வறண்ட தாள் அதற்குள் நுழையும் இடத்தில், அகலம் முழுக்க ஒரு நேர்கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் காற்று, அந்தப் பக்கம் ஈரம். தாளோ தன்னோடு மெல்லிய காற்றுப் போர்வையை இழுத்து வருகிறது. அதைப் பிதுக்கி வெளியே தள்ளிக்கொண்டே கோடு தாளை நனைக்க வேண்டும். நனைப்பதற்கு ஓர் உச்ச வேகம் உண்டு. தாண்டினால் கோடு அறுந்துவிடும் என்றுதான் நினைப்போம். அறுவதில்லை, சாய்கிறது! நேர்கோடு ரம்பப் பற்களாக மடிகிறது. 1979இல் பிளேக், ரஷ்ஷாக் என்ற ஆய்வாளர்கள் 'நேச்சர்' அறிவியல் இதழில் இதை விளக்கினார்கள். கோடு சாய்ந்தால், அதற்குச் செங்குத்தான திசையில் வேகம் குறையும். உச்ச வேகத்துக்குள் அடங்கும் அளவுக்குச் சரியாகச் சாய்கிறது.

ஏற்காட்டுப் பேருந்து செங்குத்தாக மலையேற முடியாது. அதனால் சாலை சரிவின் குறுக்கே போய், 20 கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பித் திரும்பி ஏறுகிறது. பசைக்கோடும் அதையே செய்கிறது, வழி போட்டுத்தர ஒரு பொறியாளரும் இல்லாமல்.

வேகத்தை இன்னும் கூட்டினால் பற்கள் கூர்மையாகும். சாய்கோடுகள் சந்திக்கும் முனையில் காற்று சிக்கி, நுண்குமிழிகளாகப் பசைக்குள் போகும். பூச்சு கெட்டது.

பசைப் பாலத்தையே தாள் இழுத்துக்கொண்டு போய்விடாமல் இருக்க, வறண்ட தாள் நுழையும் பக்கத்தில் லேசாகக் காற்றை உறிஞ்சுவார்கள். கோடாக்கின் ஆல்பர்ட் பெகுவின் 1954இல் காப்புரிமை பெற்ற உத்தி இது. ஒளிப்படச் சுருளோடு வளர்ந்த இந்தக் கலை, இன்று லித்தியம் பேட்டரிக்காகச் செம்பு, அலுமினியத் தகடுகளில் கருங்குழம்பு பூசுகிறது. உதகையில் 1960இல் தொடங்கிய ஒளிப்படச் சுருள் நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் மூடப்பட்டபோது, பூச்சு தெரிந்த கைகளின் அனுபவத்தையாவது காப்பாற்றியிருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம். ஓர் உருளை, ஒரு பம்ப், ஒரு நல்ல கேமரா இருந்தால் சேலத்துக் கல்லூரி ஆய்வகத்திலேயே ரம்பப் பற்களைப் பார்க்கலாம். அந்தச் சிறு தொகையை ஒதுக்க நமக்கு மனம் வர வேண்டும்.

மாணவிக்கு ஒன்று: மழைக்காலத்தில் ஏற்காட்டுப் பேருந்தில் ஜன்னலோரம் உட்காருங்கள். கண்ணாடியில் பெரிய துளி விரைந்து வழியும்போது அதன் வால் கூராவதைக் காண்பீர்கள். ஈரம் விலகும் கோட்டுக்கும் ஓர் உச்ச வேகம் உண்டு. அதுவும் சாய்ந்துதான் தப்பிக்கிறது.